குழாயடி நடுவர்

தெருவில் இரண்டு பெண்கள் மல்லுக்கட்டும்போது ஓடிப்போய் விலக்கிவிடுகிறவர்கள் ஒரு ரகம். செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு ரகத்தையும் விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்த ஆசாமி விலக்கவும் மாட்டார், படம் எடுக்கவும் மாட்டார். தீர்ப்பு சொல்வார்.

சைதாப்பேட்டையில் எங்கள் சந்தில் இருப்பவர் ரிட்டயர்டு. ஏதோ ஓர் அரசாங்க ஆபீஸில் ஃபைல் ஓரத்தில் குறிப்பு எழுதியே சர்வீஸை முடித்தவர். இப்போது ஃபைல் இல்லை. பழக்கம் மட்டும் மிச்சம். முதல் மாடி வராந்தாவில், கை உடைந்து கம்பி சுற்றிய பிளாஸ்டிக் நாற்காலி அவருடைய ஆசனம். மெட்ரோ வாட்டர் லாரி முனையில் ஹாரன் அடித்ததும் தெருவில் எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி ஓடுவார்.

2019 கோடை அவருக்குப் பொற்காலம். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்த வருஷம் அது. ஒரு குடம் முன்னே நகர்ந்தாலும், ஒரு குடம் பின்னே போனாலும் சண்டை. நடுவருக்குக் காலைப் பேப்பரைப் பிரிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

சண்டையைப் பொறுத்தவரை அவர் தாராளவாதி. வாய்ச் சண்டைக்குத் தடையே இல்லை. ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டினால் தலையை ஆட்டி ரசிப்பார். "பழைய சரக்கு, ஆனா சொன்ன விதம் பாரு" என்பார். கன்னத்தில் அறை விழுந்தால், "நேருக்கு நேர் கொடுத்தா. பரவாயில்லை" என்று பாஸ் மார்க் போடுவார். கை மட்டும் தலைக்குப் போய்விடக் கூடாது. போனால் நாற்காலியிலிருந்து எழுந்தே விடுவார். "ஃபவுல்! ஃபவுல்! முடியை விடும்மா! அது தர்மம் கிடையாது!"

இத்தனை வருஷத்தில் சண்டை போட்ட எந்தப் பெண்ணும் அந்தத் தீர்ப்பைக் கேட்டு மாடியை நிமிர்ந்து பார்த்ததில்லை. கேட்டாலும் நிமிர முடியாது என்பது வேறு விஷயம். தலை இன்னொருத்தி கையில் அல்லவா இருக்கிறது?

வகை பிரித்துச் சொல்வதில் அவர் நிபுணர். சடையின் வாலைப் பிடித்தால் நுனிப்பிடி. இது கற்றுக்குட்டிகள் வேலை. ரப்பர் பேண்டுதான் கையோடு வரும். கொண்டையை அப்படியே அள்ளினால் கொத்துப்பிடி. விரல்களை மண்டையோடு ஒட்ட நுழைத்து முஷ்டியை மூடினால் வேர்ப்பிடி. வேர்ப்பிடி விழுந்துவிட்டால் ஆட்டம் நின்றுபோகும் என்பது அவருடைய பெரிய வருத்தம். பதிலுக்கு அவளும் இவள் முடியைப் பிடித்துவிடுவாள். இரண்டு பேரும் குனிந்தபடி லேசாகச் சுற்றிக்கொண்டே நிற்பார்கள். வசவுகூடக் குறைந்துவிடும். "விறுவிறுப்பே போச்சு" என்று உட்கார்ந்துவிடுவார்.

அவர் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. அப்படிக் குனிந்து நிற்கும் இரண்டு பேரும் அந்த நிமிஷத்தில் சண்டை போடவில்லை. யாராவது வந்து பிரித்துவிட மாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள். முதலில் கையை எடுப்பவள் தோற்றவளாகிவிடுவாள். அதனால் எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

"ஆம்பிளைங்க சண்டையில இந்த அசிங்கம் உண்டா?" என்பது அவர் அடிக்கடி போடும் சூத்திரம். உள்ளேயிருந்து அவர் மனைவி சொல்வார்: "பிடிக்க முடி இருந்தா உண்டு. உங்களுக்கு இல்லேங்கறதுக்காக ஊருக்கே தர்மம் சொல்லாதீங்க." நடுவரின் தலை அந்த விஷயத்தில் முழு வெறுமை.

அம்மாள் சொன்னதில் சரித்திரம் இருக்கிறது. நம் தாத்தாக்கள் குடுமி வைத்திருந்த காலத்தில் சண்டையில் முதலில் சிக்கியது அதுதான். குடுமிப்பிடிச் சண்டை என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் குடுமி எந்தப் பெண்ணுடையதும் இல்லை. எதிரி பிடித்து இழுக்க வசதியாக இருக்கிறது என்று அலெக்சாண்டர் தன் படையினரைத் தாடி மழிக்கச் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். உலகத்தையே பிடிக்கக் கிளம்பிய படைக்குத் தாடியைப் பிடித்துவிடுவார்களோ என்ற பயம்!

இன்னும் ருசியான கதை இங்கிலாந்தில் நடந்தது. 1795 ஏப்ரலில் டேனியல் மெண்டோசா என்ற குத்துச்சண்டை சாம்பியனோடு ஜான் ஜாக்சன் என்பவர் மோதினார். மெண்டோசா காலாட்டத்தில் கெட்டிக்காரர், ஆனால் கூந்தல் நீளம். ஜாக்சன் ஒரு கையால் அந்தக் கூந்தலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குத்தித் தள்ளி ஜெயித்துவிட்டார். அது செல்லும் என்றே தீர்ப்பானது. 1743-இல் எழுதிய விதிகளில் இடுப்புக்குக் கீழே பிடிக்காதே என்று இருந்ததே தவிர, முடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஜாக்சனுக்கு ஊரார் வைத்திருந்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? ஜென்டில்மேன். எங்கள் தெரு அக்காமார்களுக்கு மட்டும் ஏன் வேறு பெயர் என்று நடுவரிடம் கேட்டேன். "அது வெள்ளைக்காரன் விஷயம்" என்று ஃபைலை மூடிவிட்டார்.

இட்லிக்கடை அக்காவின் அபிப்பிராயம் நேர் எதிர். அவர் சண்டைக்கு அலைகிறவர் இல்லை. வந்தால் விடுகிறவரும் இல்லை. "கையை மடக்கிக் குத்துன்னு சொல்றாங்க சார். அவ மண்டையில குத்தினா என் வெரல்தான் வீங்கும். காலையில நாலு மணிக்கு இந்தக் கையாலதான் மாவு கரைக்கணும். மொகத்துல கீறினா நாளைக்கு அவ புள்ளைங்க பார்த்து அழும். முடின்னா ரெண்டு இழு, வலிக்கும், போச்சு. தெனம் சீப்புல எவ்ளோ போவுது!"

வைத்தியரைக் கேட்டாலும் இதில் பெரிய தப்பு கண்டுபிடிக்க மாட்டார். மண்டையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. தினமும் ஐம்பது முதல் நூறு வரை தானாக உதிர்வது சகஜம். மூடிய முஷ்டியால் மண்டையோட்டைக் குத்துகிறவருக்குச் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு முறிவதும் சகஜம். அதற்குக் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே பெயர். மாவு கரைக்கிற கைக்கு அக்கா போட்டிருக்கும் இன்ஷூரன்ஸ்தான் எதிராளியின் கூந்தல்.

அந்த 2019 கோடையில்தான் நடுவரின் சட்ட அறிவுக்கே சோதனை வந்தது. விடியற்காலையிலிருந்து வரிசையில் இருந்த பச்சைக் குடம் ஒன்று, லாரி வந்தபோது மூன்று குடம் பின்னால் கிடந்தது. குடத்துக்காரிக்கும் முனை வீட்டு அக்காவுக்கும் பேச்சு முற்றியது. முனை வீட்டு அக்கா அன்றைக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்; பெரிய கொண்டை, இரண்டு முழம் மல்லி. குடத்துக்காரி எட்டி ஒரே கொத்தாகப் பிடித்தார். "ஃபவுல்!" என்று மாடியில் குரல் கிளம்புவதற்குள் கொண்டை கையோடு வந்துவிட்டது.

சவுரி. மூன்று ஹேர்பின்னும் மல்லிச்சரமும் அதிலேயே தொங்கின. தெருவே வாயடைத்துப் போனது. லாரிக்காரர் ஹோஸை மடக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிடித்தவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கீழே போடவும் மனமில்லை, சகதி. முனை வீட்டு அக்கா நிதானமாகக் கையை நீட்டினார். "குடுடி."

அவர் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒரு உதறு உதறி, பூவைச் சரிசெய்து கொடுத்தார். "எங்க வாங்குன? நெசமான முடி மாதிரியே இருக்கு." அக்கா பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டே, "ரங்கநாதன் தெரு" என்றார். "பின்னாடி நேரா இருக்கா பாரு." பார்த்து, தள்ளி வைத்துக் குத்திவிட்டதும் இவர்தான். பச்சைக் குடம் அன்றைக்கு முதலில் நிரம்பியது.

மாடியில் நடுவர் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். சவுரி தலையைச் சேர்ந்ததா, உடைமையைச் சேர்ந்ததா? தலையென்றால் ஃபவுல், உடைமையென்றால் வழிப்பறி. அமெரிக்காவில் படிக்கும் பேரனுக்கு ராத்திரி போன் போட்டு விசாரித்திருக்கிறார். அவன் புதுக் குழப்பம் ஒன்றைச் சேர்த்துவிட்டான்: அங்கே என்.எஃப்.எல். என்கிற அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் ஹெல்மெட்டுக்கு வெளியே தொங்கும் முடி சட்டையோடு சேர்ந்தது, பிடித்து இழுத்துத் தள்ளினால் தப்பில்லையாம். நம் கபடியிலோ பாடி வருகிறவரின் கை, கால், உடம்பு தவிர வேறெதையும் வேண்டுமென்றே பிடித்து அமுக்கினால் அவர் அவுட் இல்லை. மறுநாள் நடுவர் தீர்ப்பு வழங்கினார்: "குழாயடிக்குக் கபடி ரூல்தான்." குழாயடியில் அதைக் கேட்க யாரும் இல்லை, அன்றைக்கு லாரி வரவில்லை.

சட்டம் என்றால் ஸ்டேஷனும் ஞாபகம் வருகிறது. எங்கள் தெருச் சண்டை ஒன்று ஒரு முறை அங்கே போய்ச் சேர்ந்தது. ரைட்டர் தலை நிமிராமல் கேட்ட முதல் கேள்வி: "குடத்தால அடிச்சாங்களா? பித்தளையா, பிளாஸ்டிக்கா?" பிளாஸ்டிக், அதுவும் ஓங்கியதோடு சரி, பிடித்தது முடியைத்தான் என்றதும் அவருக்குச் சுவாரசியம் போய்விட்டது. உடம்பு வலித்தால் காயம் என்பதுதான் சட்டத்தின் கணக்கு. அறைந்தாலும் முடியைப் பிடித்தாலும் பழைய தண்டனைச் சட்டத்தில் ஒரே பிரிவு, 323. ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தபிறகு அது 115(2) ஆகிவிட்டது. அபராதம் பத்தாயிரம் வரை. தங்கத்துக்கு அடுத்தபடியாக வேகமாக விலை ஏறியது அடுத்தவள் கூந்தல்தான். நடுவரின் தர்ம பேதமெல்லாம் அந்த மேஜையில் செல்லுபடியாகவில்லை. ரைட்டர் இருவரையும் டீ குடிக்க வைத்து, சமாதானமாகப் போகிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

நடுவரிடம் கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு. பாரதம். "கூந்தலைத் தொட்டதுக்குத்தானே குருக்ஷேத்திரம்? துச்சாதனன் நெஞ்சைப் பிளந்தான் பீமன். பாஞ்சாலி முடிஞ்சாளா? சபதம் முடிஞ்சப்புறம்தான் முடிஞ்சா. கூந்தலுக்கு அவ்வளவு மரியாதை நம்ம நாட்டுல!" இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

ஒருநாள் இதைப் பூக்கார ஆயாவிடம் சொல்லி மாட்டிக்கொண்டார். ஆயாவுக்குச் சொந்த ஊர் செஞ்சிப் பக்கம். திரௌபதி அம்மன் கோயில்கள் நிறைந்த சீமை. அங்கே திருவிழாவில் ராத்திரி ராத்திரியாகப் பாரதக் கூத்து நடக்கும், படுகளத்தன்று அம்மன் கூந்தல் முடிவதைப் பார்க்க ஊரே திரளும். ஆயா பாரதத்தைப் படித்தவர் இல்லை, கண் விழித்துப் பார்த்தவர்.

"சாரு, துச்சாதனன் முடியப் புடிச்சு இஸ்துனு வரச்சொல்ல சபையில எத்தினி பேரு இருந்தாங்க?"

"பீஷ்மர், துரோணர், கிருபர்... பெரியவங்க எல்லாரும்தான்."

"அவங்கல்லாம் இன்னா பண்ணினு இருந்தாங்க?"

நடுவர் யோசித்தார். பீஷ்மர் தர்மம் சூட்சுமமானது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆங். உன்ன மாதிரி ஒசர எடத்துல குந்தினு தர்மம் பேசினு இருந்தாங்க. ஒருத்தன் எறங்கி வந்தானா?" ஆயா முழத்தை அளந்து நறுக்கினார். "இதுங்களுக்குப் பல்லு போனா மொளைக்குமா? முடி மொளைக்கும். அத்த விடு. நீ எறங்கி வந்து கைய புடி."

நடுவர் பூவை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டார். அதன்பிறகு இறங்கி வந்தாரா என்று நீங்கள் கேட்கக் கூடாது. தீர்ப்புரையிலிருந்து பாரதத்தை மட்டும் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது அமெரிக்க ஃபுட்பால் வருகிறது.

இறங்கி வர மனசுள்ளவர்களுக்கு இட்லிக்கடை அக்காவிடம் கேட்டுவைத்த முறையைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுக்காதீர்கள். ஆள் வருவதற்குள் முடி வந்துவிடும். பிடித்திருக்கும் கையின் மணிக்கட்டைப் பற்றி, பிடிபட்டவளின் தலையோடு சேர்த்து அழுத்துங்கள். இழுவை நின்றதும் வலி குறையும், கத்தல் குறையும். பிறகு விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். கட்டைவிரலில் ஆரம்பித்தால் நடக்காது. பெரும்பாலும் இருபக்கமும் பிடி இருக்கும் என்பதால் இந்த வேலைக்கு ஒரே சமயத்தில் இரண்டு பேர் தேவை. எங்கள் சந்தில் இன்னும் ஓர் ஆள் குறைகிறது.