புரியாத பாட்டும் புலனாய்வும்

1963-ஆம் ஆண்டில் கிங்ஸ்மென் என்னும் அமெரிக்க இளைஞர் குழுவினர் 'லூயி லூயி' என்ற பாட்டை, ஒரு வார்த்தையும் காதில் தெளிவாக விழாதபடி இசைத்தட்டில் பதித்துவைத்த காரணத்தினால், விழாத இடத்திலெல்லாம் ஆபாசமே நிறைந்திருக்க வேண்டுமென்று பெற்றோர் சிலர் பரம நிச்சயத்துடன் புகார் எழுத, எஃப்.பி.ஐ. என்னும் மத்தியப் புலனாய்வு ஸ்தாபனம் அத்தட்டை வேகமாகவும் மெதுவாகவும் சுழலவிட்டு, இரண்டாண்டுக்கு மேல் சிரவணத் தபஸ் இயற்றிற்று. எந்த வேகத்திலும் ஒன்றும் விளங்கவில்லை என்பதே தபஸின் பலன். ரிச்சர்ட் பெர்ரி இயற்றிய மூலப் பாட்டோ, காதலியைக் காணக் கடல் கடக்கும் மாலுமி ஒருவனுடைய சாதுவான ஏக்கம். பாடிய ஜாக் ஈலியை அழைத்து, "தம்பி, என்னதான் பாடினாய்?" என்று கேட்க மட்டும் அந்த மகாமேதாவிகளுக்கு அவகாசம் வாய்க்கவில்லை.