கா என்னும் நல்ல பாம்பு

2016 ஏப்ரல். ‘தி ஜங்கிள் புக்’ படத்தை அமெரிக்காவில் திரையிடுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே நமக்குக் காட்டிவிட்டார்கள். ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு தமிழ் டப்பிங் பார்க்கப் போனேன். சென்சார் போர்டு அந்தப் படத்துக்கு யு/ஏ கொடுத்திருந்தது. முப்பரிமாணத்தில் புலி பாய்ந்தால் பிள்ளைகள் மிரண்டுபோகும், பெரியவர்கள் துணைக்கு இருக்கட்டும் என்கிற நல்லெண்ணம்தான். ஆனால் அரங்கில் நடந்தது தலைகீழ். குழந்தை பாப்கார்ன் தின்றுகொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். துணைக்குப் போன பெரியவரைத்தான் அடக்க வேண்டியிருந்தது.

காட்டுக்குள் மூட்டம். மரத்திலிருந்து ஒரு மலைப்பாம்பு மெல்ல இறங்குகிறது. பெண் குரலில் கொஞ்சிக் கொஞ்சிப் பேசி, காட்டில் வளரும் சிறுவன் மோக்லியை மயக்கி, சுற்றி வளைத்து, விழுங்கவே போகிறது. என்னையும் அறியாமல் கத்திவிட்டேன்: “அய்யய்யோ, இது நம்ம மாமாவாச்சே!”

முன்வரிசைக்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். “யாருக்கு மாமா சார்?”

“அப்பா, நமக்குப் பாம்புல மாமா யாரும் கிடையாது. பேசாம இருங்க” என்றாள் மகள்.

உண்டு. அதைச் சொல்ல 1993-க்குப் போக வேண்டும்.

பம்பாயில் பிறந்த ஆங்கிலேயரான ருட்யார்ட் கிப்ளிங், அமெரிக்காவின் வெர்மான்ட் பனியில் உட்கார்ந்து, மத்தியப் பிரதேசத்து சியோனி காட்டைப் பற்றி ஒரு கதை எழுதினார். அதை ஜப்பான்காரர்கள் 1989-ல் 52 பாகத் தொடராக வரைந்தார்கள். தூர்தர்ஷன் அதை இந்தியில் பேச வைத்தது. அதை ஞாயிறு காலை எதிர்வீட்டு சாலிடேர் டிவியில், ஒரு வார்த்தை இந்தி தெரியாமல், தரையில் சம்மணம் போட்டுப் பார்த்தவர்கள் நாங்கள். இத்தனை கை மாறி வந்த சரக்கு எங்கள் தெருவில் இன்னொரு கையும் மாறியது. அது என் அண்ணனின் கை. அவன் இந்தியில் பிராத்மிக் பாஸ். அந்தத் தகுதியில், திரையில் யார் வாயைத் திறந்தாலும் உடனுக்குடன் தமிழில் சொல்வான். குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த முகப்புப் பாட்டில் ஒரு ஜட்டி வருகிறது என்று அவன் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. பின்னாளில் விசாரித்ததில், அவன் சரியாக மொழிபெயர்த்தது அந்த ஒரு சொல்லைத்தான் என்று தெரிந்தது.

“அந்தப் பாம்பு மோக்லிக்கு என்னடா வேணும்?” என்று கேட்டேன்.

அண்ணன் ஒரு நொடி யோசித்தான். “தாய்மாமன்.”

எங்களுக்கு அது உடனே விளங்கிவிட்டது. பெரிய உடம்பு. எப்போதாவது வருவார். வந்தால் ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்டுப் போவார். சாப்பிட்டுவிட்டால் அசையமாட்டார். எங்கள் சொந்த மாமாவும் அப்படித்தான்.

பல வருஷம் கழித்துத் திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் புத்தகம் கிடைத்தது. முதல் ‘ஜங்கிள் புக்’ 1894-ல் வந்தது. அதில் உள்ள ஏழு கதைகளில் மூன்றில்தான் மோக்லி வருகிறான். மற்றவை கீரி, யானை, கடல்நாய் என்று எங்கெங்கோ போகின்றன. மோக்லிக்காகக் காசு கொடுத்தவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இன்னொரு விஷயம், புத்தகத்து மோக்லி காட்டில் துணியே உடுத்துவதில்லை. ஜட்டியும் கோவணமும் பிற்காலத்து இடைச்செருகல்.

ஆனால் மலைப்பாம்பு கா விஷயத்தில் அண்ணன் தேறிவிட்டான்.

குரங்குக் கூட்டம் மோக்லியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாழடைந்த நகரம் ஒன்றில் அடைத்துவிடுகிறது. கரடி பாலுவும் கருஞ்சிறுத்தை பகீராவும் நேரே காவிடம் ஓடுகிறார்கள். காட்டில் குரங்குகள் பயப்படும் ஒரே ஆள் அவர்தான். அப்போதுதான் பழைய சட்டையை உரித்துவிட்டு, புதுச்சட்டையின் அழகைத் தானே பார்த்துக்கொண்டு கிடக்கிறார். ‘உதவி செய்யுங்கள்’ என்று இவர்கள் கேட்பதில்லை. உங்களைக் காலில்லாத புழு என்று அந்தக் குரங்குகள் பேசிக்கொள்கின்றன, எங்களுக்கே கேட்கக் கஷ்டமாக இருந்தது என்று பையப் போட்டுக்கொடுக்கிறார்கள். கல்யாண வீட்டில் மாமாவைக் கிளப்பிவிடுவதற்கு நாம் கையாளும் அதே முறை. முப்பதடி மாமா கிளம்பிவிடுகிறார்.

மோக்லியை அடைத்திருந்த பளிங்கு மண்டபத்துக்குள் நாகங்கள் நெளிகின்றன. பையன் பாம்புகளுக்கான மரியாதைச் சொல்லை முறையாகச் சொல்லிவிட்டதால் அவை அவனை ஒன்றும் செய்வதில்லை. கா வெளியிலிருந்து பளிங்குச் சல்லடைச் சுவரைத் தன் மூக்காலேயே ஐந்தாறு முறை மோதி உடைக்கிறார். பையன் வெளியே வருகிறான். அப்புறம் நிலா வெளிச்சத்தில் கா ஓர் ஆட்டம் ஆடுகிறார். வளையம், எட்டு, முக்கோணம் என்று உடம்பு சுழலச் சுழலக் குரங்குகள் சொக்கிப்போய் ஒவ்வொன்றாக அவரை நோக்கி நடக்கின்றன. பாலுவும் பகீராவும்கூடச் சொக்கி இரண்டடி எடுத்து வைத்துவிடுகிறார்கள். இத்தனை பேரில் மயங்காதவன் மோக்லி ஒருவன்தான். இருவரையும் தொட்டு உலுக்கிக் கூட்டிக்கொண்டு வருகிறவனும் அவன்தான். வெளியே வந்ததும் சிரிக்கிறான்: கிழவர் ஏதோ வட்டம் போட்டுக்கொண்டிருந்தார், மூக்கு வேறு புண்ணாகியிருக்கிறது என்று. பகீராவுக்குக் கோபம் வருகிறது. அந்த மூக்குப் புண்ணானது யாருக்காக என்று ஒரு பிடி பிடிக்கிறான்.

இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். காவின் மயக்கு வித்தை பலிக்காத ஒரே ஆள் மோக்லி. அவனுக்காக மூக்கை உடைத்துக்கொண்ட ஆள் கா.

1967. வால்ட் டிஸ்னியின் ‘ஜங்கிள் புக்’ படம். கதை எழுத வந்த லாரி கிளெம்மன்ஸ் கையில் புத்தகத்தைக் கொடுத்து, முதல் வேலையாக இதைப் படிக்காமல் இரு என்றாராம் டிஸ்னி. புத்தகத்தின் இருட்டோடு கதை எழுதிய பில் பீட் அதற்கு முன்பே சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியிருந்தார். படிக்காமலே பரீட்சை எழுதி முதல் வகுப்பு வாங்கும் ஆள் வகுப்புக்கு ஒருவர் இருப்பார். அந்தப் படமும் அப்படித்தான். பாட்டு பிரமாதம், சிரிப்பு பிரமாதம், நானே நாலு முறை பார்த்திருக்கிறேன். புத்தகத்து பாலு, அடி உதவுகிறது போல அண்ணன் தம்பி உதவமாட்டான் என்கிற கொள்கையுள்ள பழைய வாத்தியார். பையனின் முகம் வீங்கும் அளவுக்குச் சட்டம் சொல்லிக்கொடுப்பவர். டிஸ்னியில் அவர் முதுகைச் சொறிந்துகொண்டு பாட்டுப் பாடும் சோம்பேறி ஆகிவிட்டார். அதைக்கூட மன்னிக்கலாம், நம் வாத்தியார்கள் பலருக்கும் உள்ளூர அந்த ஆசை இருந்திருக்கும்.

காவுக்குச் செய்ததை மன்னிக்க முடியாது. பையனின் கண்ணைப் பார்த்து மயக்கி விழுங்கப் பார்க்கும் பசிப் பிண்டமாக்கிவிட்டார்கள். அதையாவது உருப்படியாகச் செய்கிறாரா? வாலில் முடிச்சு விழுந்து, மரத்திலிருந்து தடாலென்று விழும் கோமாளி. அவருக்குக் குரல் கொடுத்த ஸ்டெர்லிங் ஹாலோவேதான் தேன் குடிக்கும் கரடி வின்னி த பூவுக்கும் குரல் கொடுத்தவர். அதே தொண்டையில் கரடி மட்டும் செல்லப்பிள்ளையாகிவிட்டது.

‘கா’ என்ற பெயர் பாம்பின் சீறலைக் கேட்டு கிப்ளிங் உண்டாக்கியது. தமிழ் அவருக்குத் தெரியாது. தெரியாமலே சரியாக வைத்துவிட்டார். தமிழில் ‘கா’ என்றால் காப்பாற்று. சாண்டோ சின்னப்பா தேவர் கையில் மட்டும் இந்தக் கதை கிடைத்திருக்க வேண்டும். ‘நல்ல நேர’த்தில் யானையையும், ‘ஆட்டுக்கார அலமேலு’வில் ஆட்டையும், ‘வெள்ளிக்கிழமை விரத’த்தில் பாம்பையும் நடிக்க வைத்தவர். அவர் எடுத்திருந்தால் கா மண்டபத்தை உடைக்கும் இடத்தில் அரங்கில் விசில் பறந்திருக்கும், இடைவேளையில் நாலு பேர் சூடமும் ஏற்றியிருப்பார்கள். பாம்பென்றால் வில்லன் என்பது ஆதாம் ஏவாள் ஊரின் கணக்கு. நமக்கு அது புற்றுக்குப் பால் ஊற்றிக் கும்பிடுகிற சாமி.

மற்ற படங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன் சாபு மோக்லியாக நடித்த 1942 படம் தேவலை. புலியை ஒழிக்க கா கூடவே நிற்கிறார். 1994 படத்தில் மிருகங்கள் பேசவே பேசாது. புதையல் காப்பது புத்தகத்தில் ஒரு வெள்ளை நாகத்தின் வேலை, அந்தப் படத்தில் அதையும் காவின் தலையில் கட்டி, ஆளைக் கொல்ல விட்டுவிட்டார்கள். 2018-ல் ஆண்டி செர்கிஸ் எடுத்ததில் கேட் பிளான்செட் குரலில் கா காட்டின் பழங்கதை சொல்லும் மூதாட்டி. மாமா அத்தையாகிவிட்டாலும் மரியாதை குறையவில்லை.

2016 படத்தின் மேல் எனக்குத் தனி வருத்தம் உண்டு. காரணம் குரங்கு. டிஸ்னியின் 1967 படத்தில் லூயி ராஜா என்று ஓர் ஒராங்குட்டான் வந்தது. புத்தகத்தில் குரங்குகளுக்குத் தலைவனே கிடையாது, அதுதான் அவற்றின் கோளாறே. தவிர, ஒராங்குட்டானுக்கும் இந்தியாவுக்கும் சம்பந்தமில்லை. புதுப் படம் எடுத்தவர்கள் இந்தப் பூகோளப் பிழையைக் கண்டுபிடித்துக் கவலைப்பட்டார்கள். லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன் அழிந்துபோன ஜைகாண்டோபிதிகஸ் என்ற ராட்சதக் குரங்கைத் தோண்டி எடுத்து, லூயி அந்த ஜாதி என்று மாற்றினார்கள். புத்தகத்தில் இல்லாத குரங்குக்கு இவ்வளவு ஆராய்ச்சி! புத்தகத்தில் இருக்கிற பாம்பு என்ன குணம் என்று நாலு பக்கம் புரட்டிப் பார்க்க ஆளில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குள்ளேயே படமெடுத்து, காட்டைக் கணினியில் உண்டாக்கி, அதற்கு அடுத்த வருஷம் ஆஸ்கரும் வாங்கிவிட்டார்கள். அன்று படம் முடிந்ததும் காவின் நியாயத்தை முன்வரிசைக்காரரிடம் விளக்கலாம் என்று எழுந்தேன். அவர் பெயர்கள் ஓடத் தொடங்கும்போதே போய்விட்டிருந்தார்.

அன்றிரவு மகளுக்குப் புத்தகத்தை எடுத்துக் கதை சொன்னேன். அம்மா பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“பெரியவனானப்புறம் மோக்லி என்னப்பா ஆனான்?” என்றாள் மகள்.

நான் பார்த்த எந்தப் படமும் கிப்ளிங் சொன்னபடி காட்டாத விஷயம் அது. ‘இன் த ருக்’ என்று கிப்ளிங்கின் ஒரு கதை. 1893-ல், அதாவது ‘ஜங்கிள் புக்’ வருவதற்கு ஒரு வருஷம் முன்பே அச்சாகிவிட்டது. அதில் வளர்ந்த மோக்லியை ஒரு வெள்ளைக்கார வன அதிகாரி பார்த்து அசந்துபோகிறார், காட்டிலாகாவில் காவலர் வேலையும் கொடுக்கிறார்கள். குழந்தை மோக்லி அச்சில் பிறப்பதற்கு முன்பே பெரிய மோக்லிக்கு அரசு வேலை கிடைத்துவிட்டது.

அம்மா பூண்டை வைத்துவிட்டாள். “பென்ஷன் உண்டாடா?”

“உண்டும்மா. பென்ஷன் பேச்சும் கதையிலேயே வருது.”

“கல்யாணம்?”

“ஆச்சு. அந்த அதிகாரி வீட்டு பட்லர் பொண்ணு. ஒரு குழந்தையும் இருக்கு. ஓநாய் அண்ணன் தம்பிங்க நாலு பேரும் கூடவே இருக்காங்க.”

“இவ்வளவு நல்ல கதையை விட்டுட்டு எதை எதையோ எடுத்திருக்கானுங்க” என்ற அம்மா, மறுபடி பூண்டைக் கையில் எடுத்தாள். “சரி, தாய்மாமன் வந்தாரா? என்ன சீர் செஞ்சார்?”

‘இன் த ருக்’கை எடுத்து, மறுபடி ஒருமுறை கடைசிப் பக்கம்வரை பார்த்தேன். அந்தக் கதையில் கா வரவே இல்லை.