ஐம்பத்தெட்டு வினாடிக் கலைஞரும் அவர்தம் நடுவர்களும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து காத்தான்குடியை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள நாவற்குடா, கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்துண்டில் அமைந்திருப்பதால், ஞாயிறு கடலில் எழுவதையும் வாவிக்கு அப்பால் விழுவதையும் நடந்தே சென்று காணும் பேறு அவ்வூராருக்கு வாய்த்திருக்கிறது. பல தலைமுறைகளாக வலைஞருக்கும் காகங்களுக்கும் மட்டுமே பயன்பட்டுவந்த இப்பேறு, கைப்பேசியில் நல்ல கமரா பொருத்தப்பட்ட பின்னர் ஒரு புதிய சமூக வகையினரைத் தோற்றுவித்தது. கூலியோ கட்டளையோ இன்றித் தம் விருப்பத்தின்பேரில் ஒரு நிமிடத்துக்கு உட்பட்ட காணொளிகளை எடுத்து, தொகுத்து, இசையூட்டி, தம்மை ஒத்தவர்களுக்குக் காட்டிக் கருத்துக் கேட்பவரும், அவர்கள் காட்டுவனவற்றைப் பார்த்துத் தம் பங்குக்குக் கருத்துச் சொல்பவருமாகிய இவரை ஐம்பத்தெட்டு வினாடிக் கலைஞர் எனலாம். கலியாண வீடுகளுக்கும் சாமத்தியச் சடங்குகளுக்கும் சென்று படம்பிடிக்கும் தொழில்முறையாளர் இவரின் வேறானவர். அவருக்குப் பெண்ணின் மாமி சொல்லும் கருத்து ஒன்றே போதுமானது, ஏனெனில் அக்கருத்து மிச்சக் காசையும் தீர்மானிக்கும்.

காணொளி ஐம்பத்தெட்டு வினாடியாக இருப்பதற்குக் காரணம் கலைசார்ந்ததன்று. குறுங்காணொளிச் செயலிகள் நெடுங்காலம் ஒரு நிமிட எல்லையை வைத்திருந்தமையால், அவ்வெல்லையை முட்டாமல் இரண்டு வினாடி பின்வாங்கி நிற்பது ஒரு பாதுகாப்பு நடவடிக்கையாகத் தொடங்கிப் பின்னர் மரபாகிவிட்டது. 1895இல் பாரிஸ் நகரில் காட்டப்பட்ட லூமியேர் சகோதரரின் படங்களும் ஏறத்தாழ ஐம்பது வினாடியே ஓடின. அவர்களுடைய கருவிக்குள் சுமார் பதினேழு மீற்றர் படச்சுருள் மட்டுமே செல்லும் என்பதே அதற்குக் காரணம். எனவே திரைக்கலை நூற்று முப்பது ஆண்டுகளில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது என்று ஐம்பத்தெட்டு வினாடிக் கலைஞர் வாதிடுவதற்கு முழு உரிமை உண்டு. ஆனால் லூமியேரின் பெயரை அவர் அறிந்திருப்பதில்லையாதலால் அவ்வாதம் இதுவரை எழவில்லை.

காட்டும் நிகழ்வுக்கு ஓர் ஒழுங்குமுறை இருக்கிறது. மாலையில் கல்லடிக் கடற்கரையிலோ வாவிக்கரை மதிலிலோ மூன்று நான்கு மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்பட்டு, தேத்தண்ணியும் வடையும் வந்து சேர்ந்தபின், காட்டுபவர் தம் கைப்பேசியின் வெளிச்சத்தை முழு அளவுக்கு உயர்த்தி, திரையைச் சட்டைத் தலைப்பில் துடைத்து, அதைப் பிறர் கையில் கொடுக்காமல் தாமே பிடித்துக்கொள்வார். இடையில் யாரேனும் விரலால் தள்ளி அடுத்த காணொளிக்குப் போய்விடக்கூடும் என்ற அச்சம் அதற்குக் காரணம். படம் தொடங்குமுன் முன்னுரை ஒன்று கட்டாயம் உண்டு. "இது சும்மா எடுத்தது மச்சான், இன்னும் கலர் பண்ணல்ல" என்பது அம்முன்னுரையின் பொதுவடிவம். கலர் பண்ணுதலாவது, எடுத்த படத்தின் நிறங்களைச் செயலியில் இட்டு, வாவி நீரை நீலப்பச்சையாகவும் மனிதரின் தோலைச் செம்மஞ்சளாகவும் மாற்றுதல். மூன்று இரவுகள் கண்விழித்துக் கலர் பண்ணி முடித்த படத்துக்கும் இதே முன்னுரைதான் வழங்கப்படும் என்பதை நடுவர்கள் அனைவரும் அறிவர், ஏனெனில் கடந்த கிழமை அவர்களும் அதையே சொன்னார்கள்.

படம் முடிந்ததும் சொல்லப்படும் முதற்கருத்து "நல்லா இருக்கு" என்பதாகும். இச்சொற்றொடருக்குப் பொருள் அகராதியில் இல்லை, அது சொல்லப்படும் வேகத்தில் இருக்கிறது. கடைசிக் காட்சி மறைவதற்கு முன்னரே சொல்லப்பட்டால் நடுவருக்கு அவசர வேலை இருக்கிறது என்றும், ஒரு வடையைக் கடித்து விழுங்கியபின் சொல்லப்பட்டால் அவருக்குப் படம் பிடிக்கவில்லை என்றும், "ஓம்… நல்லா இருக்கு, மறுகா…" என்று நீண்டால் அடுத்துவரும் பத்து நிமிடங்களும் அவருடைய படத்தைப் பற்றியதாக இருக்கும் என்றும் கொள்ளவேண்டும். "மறுகா" என்பது பிறகு, மேலும் என்ற பொருளில் மட்டக்களப்பார் வாயில் இயல்பாக வரும் சொல். வேறெங்கும் தீங்கற்ற இச்சொல் இவ்வட்டத்தில் மட்டும் கேட்பவரின் முதுகை நிமிர்த்திவிடும்.

பாராட்டின் பொருளியலையும் இங்கு விளக்கியாக வேண்டும். கலியாண வீட்டில் யார் எவ்வளவு அன்பளிப்புச் செய்தார் என்று கொப்பியில் எழுதிவைத்து, அவர் வீட்டு விசேடத்துக்கு அதே அளவில் திருப்பிச் செய்வதைப் போலவே, பெற்ற பாராட்டும் இவ்வட்டத்தில் கணக்கில் வைக்கப்படுகிறது. தம் வாவிக்கரைக் காட்சியை "செம்மயா வந்திருக்கு" என்று சொன்னவரின் மாமாங்கக் கோயில் தேர்க் காட்சியைத் தாமும் குறைந்தபட்சம் அதே சொல்லால் கௌரவிக்காவிட்டால் அது படத்தைப் பற்றிய கருத்தாகக் கருதப்படாமல் கடனைத் திருப்பாத குணமாகக் கருதப்படும். இதனால் உண்மையான குறையைச் சொல்ல விரும்பும் நடுவர், அதைப் படைத்தவரின் மீது சுமத்தாமல் கருவியின் மீது சுமத்தும் நுட்பத்தைக் கைக்கொள்கிறார். படம் ஆடுகிறது என்று அவர் சொல்லமாட்டார். "ஒரு கிம்பல் வாங்கினா உன்ன பிடிக்கேலாது" என்பார். கிம்பல் என்பது கை நடுங்கினாலும் கமரா நடுங்காமல் தாங்கும் மோட்டார் பொருத்திய பிடி. இவ்வகையில், கலைஞரின் குறைகள் யாவும் கடையில் வாங்கக்கூடிய பொருள்களாக மாற்றப்பட்டு விடுவதால், எவர் மனமும் புண்படுவதில்லை. கெடுவது பணப்பை மட்டுமே, அதுவும் தந்தையாரின் பணப்பை.

கருவியைப் பற்றிய விவாதம் எட்டும் உச்சம், வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதாகும். அசையும் படம் என்பது வரிசையாக ஓடும் நிழற்படங்களே. திரையரங்கப் படங்களில் வினாடிக்கு 24 நிழற்படங்கள் ஓடுவது வழக்கம். கைப்பேசியில் 60 என்று வைத்து எடுத்து 24 என்ற வேகத்தில் ஓட்டினால் ஒரு வினாடி இரண்டரை வினாடியாக நீளும். இக்கணக்கின் பயனாக, தோணியில் நிற்பவர் வீசிய வீச்சுவலை விரிந்து, நீரைத் தொடாமல், இசை உச்சத்துக்கு வரும்வரை வானில் காத்துநிற்கும். இவ்வூர்க் காணொளிகளில் வலை வீசப்படாத காணொளி அரிது. அவ்வலையில் மீன் ஏறியதா என்பதைக் காட்டிய காணொளி அதனினும் அரிது. இக்குறையை எந்த நடுவரும் எடுத்துச் சொன்னதில்லை, ஏனெனில் 24தான் சினிமாத் தோற்றம் தரும் என்று ஒருவரும், அது பழங்கதை, 60தான் கிளியர் என்று மற்றவரும் வாதிட்டு முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது.

தொழில்முறை சாராதவர்கள் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துக் கருத்துக்கூறும் வழக்கம் வாவிக்கரையில் பிறந்ததன்று. 1923இல் கொடாக் நிறுவனம் 16 மில்லிமீற்றர் படச்சுருளை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இத்தகையோரின் கழகங்கள் பெருகின. 1932இல் பிரித்தானியாவில் அவர்களுக்கென ஒரு நிறுவகமே தோன்றிப் போட்டிகளை நடத்தியது. இலங்கைத் திரைக்கலையின் முதல்வராகப் போற்றப்படும் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், 1956இல் 'ரேகாவ' எடுப்பதற்கு முன்னர், 1949இல் எடுத்த 'சொலிலொக்கி' என்ற குறும்படம் அத்தகையோருக்கான விழாவொன்றில் தொழில்நுட்பத் திறனுக்காகப் பரிசு பெற்றது. அங்கு நடுவர்களுக்கு அவரிடம் கடன் ஏதும் இருக்கவில்லை என்பதையும், மறுநாள் மாலை அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறி வீடு திரும்பவேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை என்பதையும் ஐம்பத்தெட்டு வினாடிக் கலைஞர் எண்ணிப்பார்ப்பது நன்று.

கடல் கடந்து போகவேண்டிய தேவையும் இல்லை. மட்டக்களப்பின் கூத்து மரபில் கடுமையான கருத்துரைக்கு முறைப்படுத்தப்பட்ட இடமே உண்டு. யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பாடலை வழங்கும் சட்டம் கொடுத்தல் தொடங்கி, கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாகச் சென்று, பல மாதங்களின் பின்னரே கூத்து களரிக்கு, அதாவது ஆடுகளத்துக்கு, அரங்கேற வரும். இப்படிகள் பலவற்றில் ஊரார் சுற்றியிருந்து பார்ப்பர். பிழைத்த தாளத்தை அண்ணாவியார், அதாவது கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசான், எல்லார் முன்னிலையிலும் நிறுத்தித் திருத்துவார். தாளம் பிழைத்தவர் அரசன் வேடம் பெற்றவர் என்பதற்காகவோ, அவர் வீட்டில்தான் அன்று இராச்சாப்பாடு என்பதற்காகவோ மத்தளம் இளகுவதில்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடியவிடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கி மேடையேற்றியபோது, எதைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது பெரிய கேள்வியாக இருந்தது. ஐம்பத்தெட்டு வினாடிக் கலைஞருக்கோ அக்கேள்வியைச் செயலியே தீர்த்துவைக்கிறது. அருகில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருந்தும் அதன் மாணவரை இவ்வட்டம் தேத்தண்ணிக்கு அழைப்பதில்லை. அவர்களுக்கு ஏதேனும் தெரிந்திருக்கக்கூடும் என்பதே காரணம்.

இவ்வட்டத்தில் திருத்தம் சொல்லும் ஆர்வம் முற்றிலும் இல்லை என்பதும் தவறு. இருக்கிறது, அது தவறான இடத்தில் பாய்கிறது. மீன்பாடும் தேனாடு என்று புகழ்பெற்ற இவ்வாவியில், காற்றடங்கிய முழுநிலா இரவுகளில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தால் கேட்கும் ஒலி மீனுடையதா, ஊரியுடையதா என்பது இன்னும் வாதத்துக்குரியது. அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் 1950களில் அதைப் பதிவுசெய்தார். இவ்வட்டத்தில் ஒருவர் மெய்யாகவே நள்ளிரவில் தோணியேறி, நீர்புகாத பையில் இட்ட ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கி, அவ்வொலியின் பத்து வினாடியைக் கொண்டுவருகிறார் என்று கொள்வோம். நடுவர் குழு காதில் இயர்போனை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டபின் ஒருமனதாகச் சொல்லும் கருத்து, "நொய்ஸ் கூடிட்டு மச்சான், கிளீன் பண்ணு" என்பதாகவே இருக்கும். நொய்ஸ் என்பது வேண்டாத இரைச்சல். அதை நீக்கும் பொத்தான் செயலியில் உண்டு. கலைஞர் அதை அழுத்தியதும் மீன் முழுமையாக நீங்கிவிடும். வெறுமையான பத்து வினாடிக்கு ஒரு புல்லாங்குழலை இட்டு, மேலே 'பாடும் மீன்' என்று எழுத்துகளும் போட்டபின், படம் முன்னையதைவிடப் பன்மடங்கு நன்றாக வந்திருப்பதாக நால்வரும் உடன்படுவர்.

இவ்வட்டத்துக்கு வெளியிலிருந்து கருத்து வரும் வேளையும் உண்டு, அதுவே ஆய்வாளருக்கு மிகுந்த பயன் தருவது. விடியற்காலைக் காட்சி எடுக்க விரும்பியும் விடியற்காலையில் எழும்ப இயலாத கலைஞர், மாலையில் வாவிக்கரையில் ஞாயிறு விழுவதை எடுத்து, செயலியில் பின்னிருந்து முன்னாக ஓடவிட்டு, அதை ஞாயிற்றின் எழுச்சியாக்குவது அறியப்பட்ட உத்தியாகும். நடுவர்கள் அதன் ஒளியைப் புகழ்ந்து, காலை ஒளிக்குரிய மென்மை மாலையில் வராது என்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருக்கையில், வலையை உலர்த்திக்கொண்டு அருகில் நிற்கும் முதியவர் கழுத்தை நீட்டிப் பார்த்து, "சூரியன் எழும்புறது சரி மனெ, தோணிக்காரன் ஏன் பின்னுக்குப் போறான்? மறுகா, காகமெல்லாம் வாலால பறக்குது" என்கிறார். மனெ என்பது மகனே என்பதன் மட்டக்களப்பு வடிவம். அவ்விளியின் கனிவு கருத்தின் கூர்மையை ஒரு சிறிதும் குறைப்பதில்லை.

அப்போது நிலவும் அமைதியில் நால்வரும் படத்தை மறுபடி பார்க்கின்றனர். துடுப்பு நீரிலிருந்து தெறித்த துளிகளைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. கரையில் ஒருவர் புகைத்து விட்ட சுருட்டுப் புகை அவர் வாய்க்குள் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. இவை எல்லாம் ஐம்பத்தெட்டு வினாடிக்குள் முதலிலிருந்தே இருந்தன. ஃபிரேம் கணக்கைப் பார்த்தவர்களின் கண்ணில் படவில்லை. முதலில் வாய் திறக்கும் நடுவர், "அது எஃபெக்ட் ஐயா, வேணுமென்டுதான் செய்த" என்று முதியவருக்குப் பணிவுடன் விளக்குகிறார். இரண்டாமவர் அதற்குக் குறியீட்டுப் பொருள் இருப்பதாகச் சேர்க்கிறார். கலைஞர் இருவரையும் நன்றியோடு பார்க்கிறார். தம் படத்தில் இவ்வளவு இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிகிறது. 'நாவற்குடாவில் ஒரு விடியல்' என்ற பெயரை அன்றிரவே அழித்துவிட்டு, ஒரு ஃபிரேமைக்கூட மாற்றாமல், 'காலம் திரும்பினால்' என்ற பெயரில் அதே படத்தை மறுநாள் மாலை அவர் காட்டும்போது, "ஓம், இப்ப கதை இருக்கு" என்று நடுவர் குழு ஒருமனதாகத் தீர்ப்பளிக்கிறது.