பொமரேனியன் தகப்பனார்

மார்கழி பிறந்த மறுநாளே பொமரேனியன் தகப்பனாரின் தலையில் குரங்குத் தொப்பி முளைத்துவிடும். தொப்பிக்குக் கீழே மப்ளர், மப்ளருக்குக் கீழே அரைக்கைச் சட்டை, அதற்கும் கீழே முழங்கால் தெரிய மடித்துக் கட்டிய லுங்கி என்ற விசித்திர அலங்காரத்தில், ஒரு கையில் டார்ச் விளக்கும் மறு கையில் சங்கிலியுமாக விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் தெருவில் பிரசன்னமாகும்போது, சங்கிலியின் மறுகோடியில் உருண்டு வருவது ஒரு ஜீவனா அல்லது யார் கையிலிருந்தோ நழுவிய நூற்கண்டா என்பதை, அது குரைக்கும் வரையில் நிச்சயித்துச் சொல்ல இயலாது.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம். மேட்டுப்பாளையம் என்றதும் நீலகிரி அடிவாரத்தில், 1899-ஆம் ஆண்டு முதல் குன்னூருக்கு மலை ரயில் ஏறிக்கொண்டிருக்கும் ஊரை நினைத்து, "பாவம், அங்கே குளிராகத்தானே இருக்கும்" என்று வாசகர்கள் இவரிடம் இரக்கம் கொண்டுவிடலாகாது. நான் சொல்வது புதுச்சேரி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கிற மேட்டுப்பாளையம். கடல் கூப்பிடு தூரத்திலிருந்து சற்றே தள்ளியிருக்கும் இந்தப் பிரதேசத்தில், தை மாதத்து நடுநிசியிலுங்கூட 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே பாதரசம் இறங்குவது அபூர்வம். மெய்யான குளிர் இன்னதென்று அறிந்த வடநாட்டு லாரி ஓட்டுநர்கள், அதே ஐந்து மணிக்கு, அதே வீதியோரத்தில், இடுப்பில் ஒரு துண்டோடு நின்று வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார்கள். நம் கனவான் அவர்களைக் கடந்து போகும்போது, தம் மப்ளரை இன்னுமொரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறார்.

சங்கிலியின் மறுகோடிப் பிராணியின் பெயர் பிஜு. அதன் மூதாதையர் பால்டிக் கடலோரத்துப் பொமரேனியாவில், பனியில் பிறந்து பனியில் புரண்டவர்கள். 1888-இல் பிளாரன்ஸ் நகரத்துக்குப் போயிருந்த விக்டோரியா மகாராணி இந்த ஜாதியின் மேல் மோகங்கொண்டு வாங்கி வளர்த்ததன் பிற்பாடுதான், உருவத்தில் சிறுத்ததற்கு மவுசு பிறந்து, இன்றைக்கு மூன்று கிலோவை அதிகம் தாண்டாத பொம்மை நாயாக அது வந்து நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் ஆங்கிலேய ராணியின் நாய்க்கு நடக்கும் ராஜோபசாரத்தைப் பற்றி நான் ஆட்சேபணை சொல்லவில்லை. ஆனால் உருவம் சிறுத்ததே தவிர, மூதாதையர் விட்டுச் சென்ற இரட்டை ரோமப் போர்வை சிறுக்கவில்லை. உள்ளே பஞ்சு மயிரும் வெளியே நீள மயிருமாக அதன் தேகத்தை அது மூடிக்கொண்டுதான் இருக்கிறது. இயற்கை கொடுத்த அந்தப் போர்வைக்கு மேல் நம் கனவான் ஒரு ஸ்வெட்டர் போடுகிறார்.

இந்த ஸ்வெட்டர்தான் சகல உபத்திரவத்துக்கும் மூலாதாரம். அது பாரீஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் அவருடைய மைத்துனர் அனுப்பியது. புதுச்சேரியில் பிரான்சில் உறவுக்காரர் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உறவுக்காரர்கள் வாசனைத் திரவியமும் சாக்லேட்டும் அனுப்புகிற வரையில் உலகத்துக்கு அதனால் கெடுதி இல்லை. இவருடைய மைத்துனர் யோசனையும் அனுப்புகிறார். பனிக்காலத்தில் நாய்க்குட்டியை வெளிவாசலுக்குப் பழக்குவதெப்படி என்று அவர் தொலைபேசியில் செய்யும் உபந்நியாசம், உறைபனி கொட்டுகிற தேசத்துக்கு முழுக்க முழுக்க நியாயமானது: வெளியே போகுமுன் கம்பளி போடு, பாதத்துக்கு உறை மாட்டு, பனியை ஒதுக்கித் தரை தெரியும்படி ஓரிடம் செய்து வை, காரியம் முடிந்த நொடியே மனமாரப் பாராட்டு, உடனே கதகதப்பான அறைக்குள் தூக்கிக்கொண்டு வா. இதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றாமல் மேட்டுப்பாளையத்தில் நிறைவேற்றிக் காட்டுவதென்று நம்மவர் விரதம் பூண்டிருக்கிறார். ஒதுக்குவதற்குப் பனி இல்லையே என்று அவர் சோர்ந்துவிடவில்லை. சாலையோரத்து அறுகம்புல்லின் மேல் படிந்த பனித்துளிகளை ஒரு பூத்துவாலையால் ஒற்றியெடுத்து, குட்டியின் உபயோகத்துக்காக இரண்டு சாண் இடத்தை உலர்த்தி வைக்கிறார்.

நாய்க்குட்டி சாஸ்திரம் அவருக்குத் தெரியாதென்று யாரும் எண்ண வேண்டாம். குட்டிக்கு எத்தனை மாத வயதோ ஏறக்குறைய அத்தனை மணி நேரந்தான் அது அடக்கிக்கொள்ளும் என்பதும், சின்ன ஜாதிக்குப் பையும் சின்னதாகையால் அந்தக் கணக்கைக்கூட நம்ப முடியாதென்பதும், தூங்கி விழித்த மறுநிமிஷமும் சாப்பிட்ட கால் மணி நேரத்துக்குள்ளும் வாசலுக்குக் கொண்டுபோய்விட வேண்டுமென்பதும், நடந்த பிற்பாடு திட்டினால் அதற்குக் காரணம் புரியாது, பயந்து ஒளிந்துகொண்டு சோபாவுக்குப் பின்னால் போகத்தான் கற்கும் என்பதும் அவருக்கு மனப்பாடம். எல்லாம் தெரிந்திருந்தும், பிஜு கண்விழித்துக் கொட்டாவி விட்டதும் அவர் ஓடுவது வாசலுக்கு அன்று; ஸ்வெட்டர் இருக்கும் அலமாரிக்கு. தலைக்கு ஒன்று, முன்னங்கால்களுக்கு இரண்டு என்று மூன்று துவாரமுள்ள அந்த ஆடைக்குள், எந்தக் காலை எந்தத் துவாரத்தில் செலுத்துவதென்ற சர்ச்சை அவருக்கும் அவருடைய தர்மபத்தினிக்கும் தினந்தோறும் புதிதாக எழுகிறது. அதற்குள் குட்டி ஒரு காலை வெளியே இழுத்துக்கொள்ளும். இழுத்த காலை உள்ளே தள்ளும்போது தலை பின்வாங்கிவிடும். தலையைப் பிடிக்கும்போது, ஒரு நிமிஷத்துக்கு மேல் பொறுக்கச் சக்தியற்ற அந்தச் சின்னப் பை தன் பொறுமையை இழந்து, ஸ்வெட்டரையும் அவருடைய லுங்கியையும் ஏககாலத்தில் நனைத்துவிடும். நனைந்த கம்பளி மார்கழிப் பனியில் இரண்டு நாளைக்கு உலராது. ஆகவே இரண்டாவது ஸ்வெட்டர். அதுவும் நனையும். மொட்டை மாடிக் கொடியில் அந்தச் சின்னஞ்சிறு ஆடைகள் வரிசையாகத் தொங்குவதைக் கண்டு, எதிர்வீட்டுக்கு வந்திருந்த உறவுக்கார அம்மாள், "பேறு காலமா? என்ன குழந்தை?" என்று அன்போடு விசாரித்ததை நான் காதால் கேட்டேன்.

"இந்தக் குளிர்ல பச்சப் புள்ளைய எப்படி சார் வெறும் உடம்போட வெளியில கூட்டிட்டுப் போறது?" என்பார். குட்டி நடு ஹாலில் நனைத்தால் குளிர். பூஜையறை மிதியடியில் நனைத்தால் அதிகக் குளிர். நண்பகல் இரண்டு மணிக்கு, தெருவே வெயிலில் மினுமினுக்கும் வேளையில், விருந்தாளியின் கைப்பைமேல் நனைத்தால், ராத்திரிக் குளிர் உடம்பிலேயே தங்கிவிட்டதன் விளைவு. செருப்பைக் கடிப்பதும் ராத்திரியில் ஊளையிடுவதும் இதே கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன.

ஆனால் ஆடை அலங்காரம் தப்பித் தவறி நேரத்தோடு முடிந்துவிடும் சில நாட்கள் உண்டு. அந்த நாட்களில்தான் எங்கள் கஷ்டம் ஆரம்பமாகிறது. உலர்த்திய இரண்டு சாண் புல்லை பிஜு திரும்பியும் பார்ப்பதில்லை. நாய்க்கு இடத்தைக் காட்டுவது மூக்கு. அந்த மூக்குக்கு அரைத் தெரு தூரத்தில், என் மனைவி நாலரை மணிக்கே சாணம் தெளித்து, ஈரம் மணக்க மெழுகிய வாசல் தெரிகிறது. அங்கே இருபத்தொரு புள்ளிக் கோலமும், நடுவில் சாணி உருண்டையும், அதன்மேல் பறித்த மணம் மாறாத பூசணிப்பூவும் வீற்றிருக்கின்றன. இதைவிடத் தெளிவாக ஒரு நாய்க்குட்டியை யாரும் அழைத்துவிட முடியாது. அது நேரே வந்து, கோலத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பூசணிப்பூவின் அருகில் அமர்ந்து, பாரீஸ் யோசனையின் முதல் பாதியை நிறைவேற்றுகிறது. இரண்டாவது பாதியைத் தகப்பனார் நிறைவேற்றுகிறார்: நொடி தவறாமல், கோயில் ஒலிபெருக்கியின் திருப்பாவையையும் அமுக்கிவிடும் குரலில், "பிராவோ பிஜு! பிராவோ!" என்று கூவி, சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் துண்டொன்றை எடுத்து ஊட்டி, உடனே கையில் வாரிக்கொண்டு கதகதப்பை நோக்கி ஓடிவிடுகிறார். செய்த இடத்திலேயே, செய்த கணத்திலேயே வெகுமதி என்பதுதான் பழக்கத்தின் ரகசியமாகையால், இன்றைய தேதியில் இந்தத் தெருவில் பிஜுவைப்போல் நன்றாகப் பழகிய நாய் வேறு இல்லை. பழகிய இடந்தான் எங்கள் வாசல்.

இத்தனை சொன்னாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறி, நகர மறுத்து நின்று, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாகக் கொட்டித் தீர்த்தபோது, பிஜு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. அந்த வேளையில் அவருடைய கவலை வீண் கவலை அன்று. தரைக்கும் வயிற்றுக்கும் நான்கு விரற்கடை இடைவெளியுள்ள குட்டி நனைந்துவிட்டால், சின்ன உடம்பின் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தேங்கிய நீரில் விடுவதும் ஆபத்து. மின்சாரமற்ற அந்த இராத்திரியில் அவர் படிக்கட்டின்கீழ் ஒரு தாம்பாளத்தில் மண்ணைப் பரப்பி, குட்டிக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு, தாம் தலையிலிருந்து கால்வரை நனைந்தபடி, அது மனமிரங்கும் வரையில் மெதுவாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் குளிரைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தத் தாம்பாளத்தையே மார்கழியிலும் வைத்திருந்தால் என்ன என்று கேட்டால், "அது மழைக்கு சார், இது பனி" என்கிறார்.

அயலார் என்ற முறையில் என் விண்ணப்பம் சிறிது. நாள்தோறும் என் மனைவி வாசலை இரண்டாம் முறை கழுவுகிறாள். பினாயில் எங்கள் செலவு. அந்தப் பினாயிலும் வாசனையை மூடுகிறதே ஒழிய அழிப்பதில்லையாகையால், அடுத்த விடியலில் பிஜு வழி தவறாமல் வந்துவிடுகிறது. ஒரு போத்தல் பினாயில் வாங்கித் தரலாம். கோலமாவு இன்ன விலை விற்கிறது என்றாவது ஒரு நாள் விசாரிக்கலாம். இரண்டும் நடக்கவில்லை.

முந்தாநாள் சாயங்காலம் தாமாகவே வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நாற்காலி போட்டேன். தை பிறந்துவிட்டால் சாணமும் பூசணிப்பூவும் நின்றுவிடுமே, பழகிய இடம் தெரியாமல் குட்டி தவித்துப்போகுமே, பூ இல்லாவிட்டாலும் சாணத்தை மட்டுமாவது மாசி வரைக்கும் விடாமல் தெளித்துவர இயலுமா என்று மிகுந்த விநயத்தோடு கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. உள்ளேயிருந்து காபியோடு வந்த என் மனைவிதான், "அதுக்கென்ன சார், நாளையிலிருந்து உங்க வாசல்லயே நான் வந்து தெளிச்சு விட்டுட்டுப் போறேன்" என்றாள்.

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுத் துணுக்குற்று நிமிர்ந்தார்.

"எங்க வாசல்லயாம்மா? ஐயோ, அங்க வாடைக்காத்து நேரா அடிக்குமே!"