கேட்கிற மாத்திரை

எங்கள் ஊரில் மாத்திரைக்குக் காது உண்டு. காலையில் ஷட்டரை முக்கால்வாசி தூக்கும்போதே ஒருவர் குனிந்து உள்ளே குரல் கொடுப்பார்: “அண்ணாச்சி, நேத்துக் குடுத்தது கேக்கல. நல்லாக் கேக்குற மாத்திரையாப் பாத்துக் குடுங்க.” சங்கரன்கோவிலில் 30 வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சொன்னதைக் கேட்கிறவை என்று பார்த்தால் கோயிலில் கோமதியம்மன், கடையில் சில மாத்திரைகள். வீட்டில் அப்படி யாரும் இல்லை.

பேர் சொல்லி மாத்திரை வாங்குகிறவர்கள் இங்கே குறைவு. “வெள்ளையா, வட்டமா, நடுவுல கோடு போட்டிருக்கும்லா, அது” என்பார்கள். கடையில் பாதி அந்த ஜாடைதான். அட்டையின் ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்று அர்த்தம். 2016-ல் அரசாங்கம் இதற்காக விளம்பரமே செய்தது. அதன் பலன் எங்கள் தெருவரைக்கும் வந்து சேர்ந்தது. “அந்தச் சிவப்புக் கோடு போட்டதாக் குடுங்க அண்ணாச்சி, அதுக்குத்தான் வீரியம் சாஸ்தி.”

ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் பிரஷர் மாத்திரை வாங்க வருவார். டாக்டர் பாதியாகக் குறைத்து எழுதியிருந்த அன்று, சீட்டை என் முன்னால் நீட்டிச் சொன்னார்: “இலக்கணப்படி சரியாத்தான்யா எழுதியிருக்காரு. மெய்க்கு அரை மாத்திரை.” எனக்குப் பிடிபட ஒரு நிமிஷம் ஆனது. அதற்குள் அவர் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு கூத்து, எச்-ஒன் பதிவேடு. வீரியமான ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, சில தூக்க மாத்திரைகள் இதெல்லாம் கொடுத்தால் நோயாளி பேர், டாக்டர் பேர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச்சிலிருந்து இது சட்டம். ஒருநாள் ஒரு பாட்டி சீட்டோடு வந்தாள். நான் நோட்டை விரித்து, “பேரு சொல்லுங்க ஆத்தா” என்றேன். பாட்டி கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். “கோமதி, ரேவதி நச்சத்திரம், மீன ராசி. மகன் பேரு சங்கரன், அவன் பேருக்கும் சேத்துப் பண்ணிருங்க.” இந்த ஊரில் கோமதியையும் சங்கரனையும் நோட்டில் எழுதினால் யாரை எழுதினோம் என்று அந்த ஈசுவரனுக்கே தெரியாது. நட்சத்திரம் சேர்த்துச் சொன்னது ஒருவகையில் நல்லதுதான்.

கைகூப்பியதில் தப்பில்லை. ஊரில் எனக்கு முன்னாலேயே மருந்து கொடுக்க ஆரம்பித்தவள் அம்பாள். கோயில் புற்றுமண்தான் அவளுடைய மருந்து. தோல் வியாதி, விஷக்கடி, வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் நெற்றியில் பூசுவார்கள், ஒரு சிட்டிகை வாயிலும் போடுவார்கள். அந்த மருந்துக்கு லைசென்ஸ் இல்லை, எக்ஸ்பைரி இல்லை, பில் இல்லை. போட்டிக்கடை என்று கோபித்துக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் நானும் வாடிக்கையாளன்தான். கடையைத் திறந்து சாம்பிராணி காட்டி, புற்றுமண் இட்டுக்கொண்ட பிறகுதான் கல்லாவைத் திறப்பேன்.

ஒருமுறை எனக்கே வாட்ச் வார் பட்டு மணிக்கட்டில் படை வந்துவிட்டது. டாக்டரைப் பார்த்து, அவர் எழுதிய களிம்பை நானே எனக்கு விற்று, ராத்திரி ராத்திரி போட்டேன். காலையில் அம்மா அதைத் துடைத்துவிட்டுப் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினாள். ஒரு வாரத்தில் போய்விட்டது. அம்மா நேரே கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிவிட்டு வந்தாள். “களிம்பும் போட்டேன்லாம்மா” என்றேன். “அதான் ஒரு வாரம் இழுத்துட்டு” என்றாள்.

சர்க்கரைப் புண்ணோடு வருகிறவர்களிடம் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. “மண்ணை நெத்தியில பூசுங்க. புண்ணுல பூசுனா நாளைக்கு கோமதி என்னையத்தான் கேப்பா. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று சத்தம் போட்டே அனுப்புவேன்.

வீட்டுக்காரிக்கு என் கடையில் பிடித்த சாமான் ஒன்றே ஒன்று, ஃபிரிட்ஜ். இன்சுலினை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று வாங்கியது. எங்கள் ஊர்ப் பூச்சந்தை பேர்போனது. வியாழக்கிழமை சாயங்காலம் வாங்கும் பிச்சிப்பூ வெள்ளிக்கிழமைக் காலை வரை வாடாமல் இருக்க வேண்டும் என்றால் அதற்கும் அதே டிகிரிதான் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஒருநாள் இன்சுலின் வாங்கியவர் டப்பாவை முகர்ந்து பார்த்து, “புது கம்பெனியா அண்ணாச்சி?” என்று கேட்டார். அன்றோடு பூவுக்குத் தடை போட்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை.

லைசென்ஸை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்ட வேண்டும் என்பது விதி. அதே இடம்தான் காலண்டருக்கும் தோது என்பது அவள் விதி. ஒரு தடவை மருந்து ஆய்வாளர் வந்து, “லைசென்ஸ் எங்க?” என்றார். நான் காலண்டரில் தபசுக் கோலத்தில் நின்ற அம்பாளை மெதுவாக மேலே தூக்கிக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு லைசென்ஸ் நம்பரைப் படித்தார். எழுத வேண்டியதையும் எழுதிவிட்டுத்தான் போனார். அம்பாள் மறுநாளே எதிர்ச் சுவருக்குக் குடிபோனாள்.

இதெல்லாம் போகட்டும். வீட்டில் ஆறாத சண்டை 1948-ஆம் வருஷத்து மருந்தியல் சட்டத்தால் வந்தது. அதன் 42-ஆம் பிரிவு, பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது. கடையில் அந்தச் சர்டிபிகேட் எனக்கு மட்டும்தான். கடை திறந்திருந்தால் நான் இருக்க வேண்டும், நான் இல்லையென்றால் கடை பூட்டியிருக்க வேண்டும். மைத்துனன் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகு போய், பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தேன். பெரிய மகள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஆடினதை செல்போனில்தான் பார்த்தேன். “நீங்க தாலி கட்டுனது எனக்கா, 42-ஆம் பிரிவுக்கா?” என்று வீட்டுக்காரி கேட்டதற்கு இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் கோயில் திருவிழாவான ஆடித்தபசு அன்றைக்கு மட்டும் சாயங்காலமே பூட்டிவிட வேண்டும் என்று உடன்படிக்கை.

அதற்கு முந்தின நாட்களில் வியாபாரம் கால்களால் நடக்கும். கொடியேறியதும் ஜனங்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். ஆடிச்சுற்று என்று பேர். 51, 101, 108 என்று நேர்ந்துகொண்டு சுற்றுவார்கள். ஒற்றைக்காலில் தபசு நிற்கிற அம்பாளின் கால்வலியை நாம் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. வாங்கிக்கொண்ட வலியை அப்படியே என் கடைக்குக் கொண்டுவருவார்கள். தைலமும் கால்பட்டையும் விற்றுத் தீரும். அம்பாள் வலியில் லாபம் பார்க்கிறோமே என்று எனக்கு வருஷாவருஷம் ஒரு உறுத்தல். அதற்குப் பரிகாரமாக நானும் 21 சுற்றுவேன். எனக்குத் தைலம் அசல் விலைக்கே கிடைக்கிறது.

போன தபசு. தபசு நிற்கிற அம்பாளுக்குச் சாமி சங்கரநாராயணராகக் காட்சி தரும் நேரம், தெற்கு ரத வீதியில் எள் போட்டால் எள் விழாது. குடும்பத்தோடு நிற்கிறேன். மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு. தீபாராதனை ஆகிறது, கைகள் மேலே போகின்றன. பின்னாலிருந்து ஒரு விரல் என் தோளைச் சுரண்டியது.

“அண்ணாச்சி, கடை பூட்டிட்டீகளா? நெஞ்சுல எரிச்சலாக் கெடக்கு. வாய்வுக்கு சப்புற மாத்திரை ஒண்ணு இருக்குமா?”

விசாரித்தேன். மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் வடை. மனைவி திரும்பிப் பார்க்காமலே, “42” என்று பல்லைக் கடித்தாள். எனக்கென்று சட்டைப் பையில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. திரும்பி நிமிர்வதற்குள் திரை போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை ஷட்டரை முக்கால்வாசி தூக்கும்போது அதே ஆள் குனிந்து பார்த்தார். முகம் தெளிவாக இருந்தது. “நேத்து நல்லாக் கேட்டுச்சு அண்ணாச்சி.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “அது நல்ல மாத்திரைதான்” என்றேன்.

“மாத்திரை இல்ல அண்ணாச்சி. பக்கத்துல ஒரு அம்மா புத்துமண்ணு குடுத்தாங்க, வாயில போட்டேன். அஞ்சு நிமிசத்துல ஏப்பம் வந்துட்டு.” பையில் கையை விட்டு, வேர்வையில் நனைந்த மாத்திரையை எடுத்து மேஜைமேல் வைத்தார். “பிரிக்கவே இல்ல, அப்படியே இருக்கு. எடுத்துக்கிட்டு ரூவாயத் தாங்க.”