625 ஞாயிற்றுக்கிழமை

பேருந்து நிறுத்தத்துக் கம்பத்தில் பசை காயாத சுவரொட்டி. 'நீட் தேவையில்லை! வயது வரம்பில்லை! ஞாயிறு மட்டும் வகுப்பு! ஓராண்டில் நீங்களும் அக்குபங்சர் டாக்டர்!' நடுவே ஒரு பெரிய காது, காது முழுக்கப் புள்ளிகள், கீழே கைபேசி எண். அழைத்தேன்.

"டிப்ளமோவா சார், எம்.டி.யா?"

"எம்.டி.க்கு முன்னாடி எம்.பி.பி.எஸ். வேணாமா?"

"இது எம்.டி. அக்கு சார். அக்குவை பிராக்கெட்ல போட்டுக்கலாம். பிராக்கெட்டை யாரு சார் படிக்கிறாங்க?"

"நான் பத்தாவதுல கணக்குல போயிட்டேன்."

"நாடி பார்க்கக் கணக்கு எதுக்கு சார்?"

நேர்மையான மனிதர். இந்தத் தொழிலின் பொருளாதாரம் முழுவதையும் இரண்டே கேள்வியில் சொல்லிவிட்டார்.

கடையை மட்டும் குறை சொல்லக் கூடாது. கதவைத் திறந்து வைத்தவர்களையும் பார்க்க வேண்டும். 2003 நவம்பர் 25 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. அக்குபங்சர் ஒரு சிகிச்சை வழி. பதிவு பெற்ற மருத்துவர்களோ, தகுந்த பயிற்சி பெற்றவர்களோ அதைச் செய்யலாம் என்றது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ முறைகளைச் சேர்ந்தவர் தவிர வேறு யாரும் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளாதபடி மாநிலங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே ஆணை சொன்னது. 'டாக்டர்' பற்றிய வரியைக் கறையான் தின்றுவிட்டது போலிருக்கிறது. 'தகுந்த' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மட்டும் கோயில் கட்டிக் கும்பாபிஷேகமே நடத்திவிட்டார்கள். எவ்வளவு பயிற்சி தகுந்தது? ஆணையில் இல்லை. ஆகவே யார் வகுப்பு எடுக்கிறாரோ அவர் எடுப்பது தகுந்தது. யார் பணம் கட்டினாரோ அவர் பயிற்சி பெற்றவர்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தூங்கி எழுந்த அரசு, 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. மறுவாரமே சுவரொட்டிகளில் 'மத்திய அரசு அங்கீகாரம் பெற்றது' என்று ஏறியிருக்கும். அங்கீகாரம் சிகிச்சை முறைக்கு. மாடிப்படிக்குக் கீழே நடக்கும் வகுப்புக்கு அல்ல. சாலை போட்டால் அதில் ஓடும் எல்லா லாரிக்கும் பர்மிட் கொடுத்ததாக அர்த்தமா? மேற்கு வங்கம் 1996இலேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டது. பிறகு மகாராஷ்டிரமும் போட்டது. தமிழ்நாடு? நாம் சுவர் கொடுத்தோம், சுவரொட்டி ஒட்ட.

கணக்கு எதற்கு என்றார் அல்லவா? நான் போட்டுப் பார்த்தேன். மருத்துவர் அல்லாத ஒருவர் அக்குபங்சரைத் தொழிலாகச் செய்ய 2,500 மணி நேரப் பயிற்சி வேண்டும், அதில் குறைந்தது 1,000 மணி நேரம் செய்முறைக்கும் நோயாளிகளுக்கும் என்று 1999இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. ஞாயிறு ஒன்றுக்கு நான்கு மணி நேரம் என்று வைப்போம். தேநீர் இடைவேளை, நிறுவனரின் தன்வரலாறு, குழுப் புகைப்படம் எல்லாவற்றையும் தாராளமாகப் படிப்பிலேயே சேர்ப்போம். 625 ஞாயிற்றுக்கிழமை ஆகிறது. பன்னிரண்டு ஆண்டு. நீலகிரியில் இன்று பூத்த குறிஞ்சி வாடி, மறுபடி பூக்கும்போதுதான் நம் 'டாக்டர்' வகுப்பறையை விட்டு வெளியே வரலாம். இங்கே தீபாவளிக்குச் சேர்ந்தவர் அடுத்த தீபாவளிக்குக் கல்யாண மண்டபத்தில் கறுப்பு அங்கியும் குஞ்சம் வைத்த தொப்பியுமாக நிற்கிறார். அங்கி வாடகை தனி.

அமெரிக்காவில் இது முதுநிலைப் படிப்பு. கலிபோர்னியாவில் உரிமம் வாங்க 3,000 மணி நேரம்: 2,050 வகுப்பறையில், 950 நோயாளிகளோடு. அவ்வளவு படித்தவர் கையில் ஊசி மந்திரக்கோல் ஆகிவிடுகிறதா? அதுவும் இல்லை. 2009இல் அதே நாட்டில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 638 பேரைப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். சிலருக்கு முறைப்படி ஊசி. ஒரு குழுவுக்கு மட்டும் ஊசிக் குழாய்க்குள் பல்குத்தும் குச்சியை வைத்து லேசாக அழுத்தி எடுத்தார்கள், தோல்கூடத் துளைபடவில்லை. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஊசிக்காரர்களும் குச்சிக்காரர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகவே. நம் ஊர் 'ஹீலர்கள்' இந்த ஆய்வையும் முந்தியவர்கள். ஊசியும் வேண்டாம், குச்சியும் வேண்டாம், ஒற்றை விரலால் ஒரு புள்ளியைத் தொட்டால் போதும் என்கிறார்கள். மூலதனம் குறைந்துகொண்டே வருகிறது. கட்டணம் குறைந்ததாகத் தகவல் இல்லை.

அப்படியானால் எதற்கு 2,500 மணி நேரம்? 361 புள்ளிகளை மனப்பாடம் செய்யவா? புள்ளியைக் கிளிப்பிள்ளையும் சொல்லும். எப்போது கை வைக்கக் கூடாது என்று கற்கத்தான் அவ்வளவு நேரம். மார்பில் கொஞ்சம் ஆழமாக இறங்கிய ஊசி நுரையீரலில் ஓட்டை போடும். ஒருவரைக் குத்திய ஊசி இன்னொருவருக்கு மஞ்சள் காமாலையைக் கொண்டுபோகும். இடது தோளில் வலி என்று வருபவருக்குத் தோளில் ஒன்றுமே இல்லாமல் இதயத்தில் அடைப்பு இருக்கலாம். இவையெல்லாம் காதுப் படத்தில் இல்லை.

இந்தியாவுக்கு இந்த ஊசியைக் கொண்டுவந்தவர் டாக்டர் பிஜய் குமார் பாசு. 1938இல் ஜப்பான் படையெடுப்பில் தவித்த சீனாவுக்கு காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் ஒருவர். அந்த ஐவரில் அங்கேயே உயிரை விட்ட டாக்டர் கோட்னிஸின் தோழர். 1950களின் இறுதியில் மறுபடி சீனா போய்க் கற்றுவந்து கல்கத்தாவில் தொடங்கினார். முதலில் மருத்துவர், பிறகு ஊசி. நம்மவர்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள்: முதலில் போர்டு, பிறகு நோயாளி, மருத்துவம் சௌகரியப்பட்டபோது.

கிண்டல் இதோடு போதும். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாளில் உயிர் போகும். "இன்சுலின் விஷம், நிறுத்துங்கள், உடம்பே சுரக்கும்" என்று சொல்ல ஒரு வாய் போதும். அந்த வாய்க்குத்தான் ஓராண்டுச் சான்றிதழ். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் தாயும் குழந்தையும் இறந்தார்கள். கணவரும், அக்குபங்சர் பார்த்தவரும் கைதானார்கள். கைது செய்யப் போலீசுக்குத் தெரிகிறது. கைதுக்கு முன்னால் போர்டைப் படிக்க எந்த அதிகாரிக்கும் கண் தெரியவில்லை.

செத்தவர்களுக்கு அடுத்து ஏமாந்தவர் யார் தெரியுமா? அந்த மாணவர். நீட்டில் தோற்ற மகளுக்காகத் தோட்டை அடகு வைத்த அம்மா. வேலையிழந்து நாற்பது வயதில் ஒரு கௌரவம் தேடியவர். அவர்களில் பலர் நல்லது செய்யவே வந்தவர்கள். இந்தக் கடையின் முதல் நோயாளிகள் அவர்கள்தான். நாடி பார்க்காமலே பர்ஸைத் தொட்டுக் குணப்படுத்திவிட்டார்கள்.

அரசுக்கு ஒரு வேலைதான் இருக்கிறது. 'தகுந்த' என்ற சொல்லுக்கு எதிரே மணிக்கணக்கில் ஓர் எண்ணை எழுதுங்கள். அந்த எண்ணை எட்டாத கடையைப் பூட்டுங்கள். அதுவரை, முழங்கால் வலிக்காக எந்த அக்குபங்சர் வாசலில் நின்றாலும் எந்தப் புள்ளி, என்ன பட்டம் என்று விசாரிக்காதீர்கள். "எந்த நிலையில் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்க?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் எதையோ படித்திருக்கிறார். "அதுக்கெல்லாம் அவசியமே வராது" என்றால், செருப்பைக் கழற்றாமல் அப்படியே திரும்பிவிடுங்கள்.