நல்ல ஏரியா, கெட்ட ஏரியா

இரவு விடுதி நடத்த இந்தியாவிலேயே தோதான ஊர் போர்ட் பிளேர்தான். டிசம்பர் மாதத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடையைக் கட்டிவிடும். கடிகாரம் டெல்லியுடையது, சூரியன் பர்மா பக்கத்துச் சூரியன். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊரில் ஏழு மணி என்றாலே நடுராத்திரிக் களை வந்துவிடும். சென்னையில் கிளப் வைத்திருப்பவர் பத்து மணி வரை ஈ ஓட்ட வேண்டும். இங்கே ஆறு மணிக்கே பாட்டைப் போட்டுவிடலாம். சரக்குக்கும் பஞ்சமில்லை. தீவுகளின் வளர்ச்சிக்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் கழகமே பாட்டில் விற்று வளர்ச்சிக்கு வழி செய்கிறது.

இவ்வளவு வசதி இருந்தும் ஊருக்கு அந்தப் பெயர் வரவில்லை. பங்காளி ஊரான சிட்னிக்கு வந்தது. பங்காளி என்று சும்மா சொல்லவில்லை. வெள்ளைக்காரன் 1788-ல் அங்கே கைதிகளைக் கொண்டுபோய் இறக்கினான். மறு வருஷமே ஆர்ச்சிபால்ட் பிளேர் இங்கே சாத்தம் தீவில் குடியேற்றத்தை ஆரம்பித்தார். சிட்னியின் கிங்ஸ் கிராஸ் பேட்டை கிளப்புக்கும் குத்துக்கும் பேர்போனது. ஒரே குத்தில் ஆள் செத்த சம்பவங்களுக்குப் பிறகு 2014-ல் சட்டம் போட்டார்கள்: ராத்திரி ஒன்றரைக்கு மேல் புதிதாக யாரையும் உள்ளே விடக்கூடாது, மூன்று மணிக்கு மேல் ஊற்றிக் கொடுக்கக்கூடாது. 2021-ல் அங்கே அதைத் தளர்த்துவதற்குள் பல கிளப்புகள் மூடிப்போய் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. குத்து வாங்கிய தெருவில் இப்போது வாடகை குத்துகிறது.

நம் போர்ட் பிளேர் அப்படியெல்லாம் தெருத் தெருவாகச் சில்லறை வியாபாரம் செய்யவில்லை. ஒரு தீவையே மொத்தமாக கிளப்பாக்கி வைத்திருந்தது.

ராஸ் தீவு. முக்கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. 1858 மார்ச் 10-ஆம் தேதி ஜேம்ஸ் பேட்டிசன் வாக்கர் என்ற டாக்டர், சிப்பாய்க் கலகத்தில் பிடிபட்ட 200 பேரைக் கப்பலில் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து இறக்கினார். மனிதர் ஆக்ரா ஜெயிலில் சூப்பரிண்டெண்டாக இருந்தவர். வைத்தியம் எவ்வளவு தெரியும் என்பதற்குச் சாட்சி சொல்ல அதிகம் பேர் மிஞ்சவில்லை. வந்த சில மாதங்களில், தப்பி ஓடிப் பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரைத் தூக்கில் போட்டார். கல்கத்தாவே பதறிப்போய், ‘போதும், இனி இப்படிச் செய்யாதீர்’ என்று எழுதியது. ஆங்கில அரசாங்கமே ஒருவரை ‘கொஞ்சம் ஓவர்’ என்று நினைக்க வேண்டுமென்றால் அவர் எப்படிப்பட்டவராக இருந்திருக்க வேண்டும்!

அந்த வாக்கர் தலைமையிடமாக்கிய ராஸ்தான் அடுத்த எண்பது வருஷம் டீசன்ட் ஏரியா. கைதிகள் காட்டை வெட்டி, கல் சுமந்து, கட்டிக் கொடுத்தார்கள். சீஃப் கமிஷனர் பங்களா, நடனக்கூடம், பிரஸ்பிடேரியன் சர்ச், டென்னிஸ் கோர்ட், நீச்சல் குளம், பேக்கரி, அச்சகம் எல்லாம் உண்டு. குடிக்கத் தண்ணீர் போதாமல், கடல்நீரைக் காய்ச்சி வடிக்க பாய்லர்கூட வைத்தார்கள். கிளப் ஒன்று போதாதென்று, கீழ்நிலை அதிகாரிகளுக்குத் தனியாக ‘சபார்டினேட்ஸ் கிளப்’. ஆட்டம் போடுவதிலும் கிரேடு பார்த்தார்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதும் பெஞ்சில்கூட இவ்வளவு தாரதம்மியம் கிடையாது.

ராஸ் இப்படி மேலே மேலே போக, மற்ற பேட்டைகளுக்கு ராஸில் உட்கார்ந்தபடியே பெயர் வைத்தார்கள். வைப்பர் தீவு கெட்ட ஏரியா: சொன்ன பேச்சு கேட்காதவனை ஒரே சங்கிலியில் கோத்து வேலை வாங்கும் இடம், தூக்குமரமும் அங்கேதான். அபர்தீன் பரவாயில்லை ரகம். ஹோப் டவுன் நல்ல பிள்ளைகள் பேட்டை. ஒழுங்காக நடந்து சலுகைச் சீட்டு வாங்கிய கைதிகள் வாழுமிடம்.

சவுத் பாயின்ட்டில் பெண்கள் சிறை. சில வருஷம் ஒழுங்காக இருந்து ‘செல்ஃப் சப்போர்ட்டர்’ ஆகிவிட்ட ஆண் கைதி அங்கே பெண் பார்க்கப் போகலாம். பெண்கள் வரிசையாக நிற்பார்கள்; பிடித்தவளிடம் கேட்கலாம். அவள் மாட்டேன் என்றால் மாட்டேன்தான், வந்த வழியே திரும்ப வேண்டியது. அதே காலத்து மயிலாப்பூரில் மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்ல எத்தனை பெண்ணுக்கு வாய் இருந்தது?

இனி அடிதடிக்கு வருவோம். இரவு விடுதிச் சண்டை என்று அந்தமான் சரித்திரத்தில் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அது 1859 ஏப்ரலில் நடந்தது. தீவின் அசல் சொந்தக்காரர்களான கிரேட் அந்தமானியர்கள், தங்கள் காட்டை யாரோ மளமளவென்று வெட்டுவதைப் பார்த்துவிட்டு வில்லோடு கைதிகள் முகாமுக்குள் புகுந்தார்கள். பிறகு நடந்ததை வாக்கரே மேலிடத்துக்கு எழுதினார்; பின்னால் வந்த போர்ட்மேன் என்ற அதிகாரி தன் புத்தகத்தில் அதைச் சேர்த்திருக்கிறார்.

வந்தவர்கள் கண்மண் தெரியாமல் அடிக்கவில்லை. காலில் இரும்பு வளையம் போட்ட கைதி எதிர்க்காமல் இருந்தால், அவனை விட்டுவிட்டார்கள். சிவப்புத் தலைப்பாகையும் பட்டையும் வில்லையும் மாட்டிக்கொண்டு, கைதிகளுக்குள்ளேயே கங்காணியாக உயர்ந்தவர்களைத்தான் தேடித் தேடி விரட்டினார்கள். சட்டப் புத்தகத்தையோ தண்டனை ரிஜிஸ்டரையோ ஒரு பக்கம்கூடப் படிக்காதவர்களுக்கு, இந்த இடத்தில் யார் கஸ்டமர், யார் பவுன்சர் என்று அரை மணியில் தெரிந்துவிட்டது. இன்னொன்றும் செய்தார்கள். நடுங்கிக்கொண்டு நின்ற கைதிகளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, தங்களோடு சேர்ந்து ஆடச் சொன்னார்கள். ஆடினார்கள். மறுக்கிற சூழ்நிலையா அது? கான்பூரிலும் மீரட்டிலும் கலகம் செய்து, கப்பலேறி, கால் விலங்கோடு அந்தக் கடற்கரையில் நின்றவர்களை ‘வா, ஒரு ஆட்டம் போடலாம்’ என்று மரியாதையாகக் கூப்பிட்டது அவர்கள் மட்டும்தான். ராஸின் நடனக்கூடத்தில் அவர்களுக்கு அழைப்பு இருந்ததாகத் தகவல் இல்லை.

அடுத்த மாதம் அபர்தீனில் பெரிய சண்டை. இந்த முறை துரைமார்களுக்கு முன்கூட்டியே துப்பு கிடைத்துவிட்டது. கொடுத்தவர் தூத்நாத் திவாரி. ஒரு வருஷம் முன்னால் தப்பி ஓடி, அந்தமானியர்களிடம் அடைக்கலம் புகுந்து, அவர்கள் சோறு போட்டு, அவர்கள் பெண்களையே கட்டிக்கொண்டு வாழ்ந்த மாப்பிள்ளை. படையெடுப்புக்கு ஆள் சேர்கிறது என்று தெரிந்ததும் கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டு ஓடிவந்து சொல்லிவிட்டார். கப்பல் பீரங்கிக்கு முன்னால் வில் என்ன செய்யும்? அப்படியும் அந்தமானியர்கள் அரை மணி நேரம் முகாமைத் தங்கள் கையில் வைத்திருந்து, கருவிகளை அள்ளிக்கொண்டுதான் போனார்கள். திவாரிக்குத் தண்டனை ரத்து. மாமனார் வீட்டைக் காட்டிக் கொடுத்து விடுதலை வாங்கிய மாப்பிள்ளைகள் வேறெங்கும் இருக்கலாம். அரசாங்க ரிக்கார்டில் ஏறியவர் இவர்.

பிறகு துரைமார்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். ராஸிலேயே ‘அந்தமான் ஹோம்’ என்று 1863-ல் ஒன்று ஆரம்பித்து, கார்பின் பாதிரியாரைப் பொறுப்பில் போட்டு, அந்தமானியர்களைக் கூட்டிவந்து நாகரிகம் கற்றுக்கொடுத்தார்கள். நாகரிகத்தோடு புகையிலை வந்தது, சாராயம் வந்தது, மேகநோய் வந்தது. 1877-ல் தட்டம்மை வந்தது. ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர்கள் 1961 கணக்கெடுப்பில் 19 பேர். இதில் தமாஷ் பண்ண என்னால் முடியவில்லை. கார்பின் பெயரில் இன்றைக்கு ஒரு பீச் இருக்கிறது, இளநீர் நன்றாயிருக்கும்.

இப்போது 1872. இந்தியாவின் வைசிராய் மேயோ பிரபு ஊர் சுற்றிப் பார்க்க ‘கிளாஸ்கோ’ என்ற போர்க்கப்பலில் வந்து இறங்கினார். பிப்ரவரி 8. சூப்பரிண்டெண்ட் ஸ்டூவர்ட்டுக்குக் கைகால் ஓடவில்லை. ராஸில் காவல், வைப்பரில் அதைவிடக் காவல், சுற்றிலும் துப்பாக்கி; இவ்வளவு பந்தோபஸ்து எதற்கு என்று பிரபுவுக்கே சலிப்பு. கெட்ட ஏரியா முழுக்கச் சுற்றியும் ஒரு கீறல் விழவில்லை. எல்லோருக்கும் மூச்சு வந்தது. இன்னும் வெளிச்சம் இருக்கிறதே, ஹாரியட் மலையில் ஏறிச் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்றார் பிரபு. காற்றாட ஒரு சானடோரியம் கட்ட இடம் தேறுமா என்ற யோசனையும் இருந்தது. மலையடிவாரம் ஹோப் டவுன். நல்ல பிள்ளைகள் பேட்டை. அங்கே என்ன ஆகிவிடப் போகிறது?

ஏறினார், பார்த்தார், ரசித்தார். (அந்த மலைப் பக்கத்திலிருந்து தெரியும் கடலும் கலங்கரை விளக்கமும்தான் பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம். நம் எல்லார் சட்டைப் பையிலும் இருந்த காட்சிதான்.) இறங்கி வரும்போது ஏழு மணி, கும்மிருட்டு. தீவட்டி வெளிச்சத்தில் படகுத்துறைப் பலகையில் நடந்துகொண்டிருந்த வைசிராயின் முதுகில் ஒருவன் புலி மாதிரி பாய்ந்து, கத்தியால் இரண்டு குத்து குத்தினான். கப்பலில் மேயோவின் மனைவியும் விருந்தாளிகளும் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். வந்தது பிணம்.

குத்திய ஷேர் அலி அஃப்ரிதி யார்? கைபர் கணவாய்ப் பக்கத்துப் பத்தான். பஞ்சாப் குதிரைப் போலீஸில் வேலை பார்த்து, வெள்ளைக்கார அதிகாரியிடம் நற்சான்று வாங்கியவன். குடும்பப் பகையில் பெஷாவரில் ஒரு கொலை, தூக்கு, பிறகு அது தீவாந்திர தண்டனையாகக் குறைந்தது. அந்தமானிலும் நடத்தை பிரமாதம். அதனால்தான் ஹோப் டவுனில் முடிவெட்டும் வேலை கொடுத்து, கத்தியோடு உலவ விட்டிருந்தார்கள். அரசாங்கத்தின் ரிஜிஸ்டரில் அவனைவிட நல்லவன் இல்லை.

இவ்வளவு பெரிய நிர்வாகம் ஒரு நாள் பூராவும் காவலைத் தப்பான பேட்டையில் நிறுத்தி வைத்திருந்தது. எந்தத் தெரு ஆபத்தானது என்று முடிவு செய்கிறவர்கள் அந்தத் தெருவில் குடியிருப்பதில்லை என்பதுதான் இதில் கோளாறு. சென்னையின் வியாசர்பாடிக்கும் இதே கதைதான். ஷேர் அலியை 1872 மார்ச் 11-ல் தூக்கில் போட்டார்கள். எங்கே? வைப்பரில். சம்பவம் நல்ல ஏரியாவில், கெட்ட பெயர் மறுபடியும் கெட்ட ஏரியாவுக்கு.

அதற்கப்புறம் அபர்தீன் பக்கம் செல்லுலார் ஜெயில் எழுந்தது. 1896-ல் ஆரம்பித்து 1906-ல் முடித்தார்கள். நட்சத்திரமீன் மாதிரி ஏழு கிளை, ஆளுக்கொரு கொட்டடி, செக்குக்கு மனிதனைப் பூட்டி எண்ணெய் ஆட்டுவது. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது, எதிரே கடலுக்கு அந்தப் பக்கம் ராஸில் அப்போதும் டென்னிஸ் நடந்துகொண்டிருந்தது என்பதைத்தான்.

ராஸின் ஆட்டத்தை நிறுத்தச் சட்டம் தேவைப்படவில்லை. 1941 ஜூன் 26-ல் பூகம்பம் வந்து தீவை உலுக்கியது. துரைமார்கள் இடத்தைக் காலி செய்தார்கள். 1942 மார்ச் 23-ல் ஜப்பான்காரன் வந்து இறங்கினான். ராஸின் கட்டடங்களைப் பெயர்த்து பதுங்குகுழிகள் கட்டிக்கொண்டான். ஊருக்குள் அவன் செய்த அட்டூழியத்தில், கேட்டு வளர்ந்த வாக்கர் காலத்துக் கதைகள் ஞாபகம் வந்திருக்கும் கிழவர்களுக்கு. இடையில் 1943 டிசம்பர் 30-ல் நேதாஜி வந்து கொடியேற்றினார். ஏற்றிய இடம் ஜிம்கானா மைதானம். வெள்ளைக்காரன் விளையாடிக் களைத்த புல்தரை.

இன்றைக்கு ராஸில் கிளப்பின் சுவரை ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மான்கள் டூரிஸ்டின் பிஸ்கட்டுக்குப் பழகிவிட்டன. ‘சபார்டினேட்ஸ் கிளப்’ என்ற போர்டின் முன்னால் நின்று நம்மவர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். செல்லுலார் ஜெயிலில் ஏழு கிளையில் மூன்றுதான் மிச்சம். அந்த வளாகத்திலேயே ஊரின் பெரிய ஆஸ்பத்திரி. சாயங்காலமானால் ஒலி-ஒளிக் காட்சிக்கு டிக்கெட் வாங்க கியூ. உள்ளே போவதற்கு ஜனம் அடித்துக்கொள்ளும் ஜெயில்!

இந்த மாற்றத்தைத் தமிழ் சினிமா முன்னாலேயே மோப்பம் பிடித்துவிட்டது. 1952-ல் எம்.ஜி.ஆர். நடித்தது ‘அந்தமான் கைதி’. 1978-ல் சிவாஜி நடித்தது ‘அந்தமான் காதலி’. இருபத்தாறு வருஷத்தில் கைதி போய்க் காதலி வந்துவிட்டாள். அதற்கப்புறம் தேனிலவுக்காரர்கள் வராமல் என்ன செய்வார்கள்?

அவர்கள் போகும் நீல் தீவின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெயர் ஜேம்ஸ் நீல் உபயம். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையோடு போய் 1857-ல் அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்ணில் பட்டவனையெல்லாம் மரத்தில் தொங்கவிட்ட கர்னல். லக்னோவில் செத்ததும், மெட்ராஸ்காரர்கள் மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927-ல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லி நம் ஆட்கள் சுத்தியலும் கோடரியுமாகப் போய்ச் சத்தியாகிரகம் செய்து ஜெயிலுக்குப் போனார்கள். 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்து, கர்னலை எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பியது. தீவில் மட்டும் மனிதர் 2018 வரை அசையவில்லை. அந்த வருஷம் டிசம்பர் 30-ல் ராஸ் நேதாஜி பெயரைப் பெற்றது, ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவானது, நீல் ஷஹீத் தீவானது. ஷஹீத் என்றால் தியாகி. டிராவல்ஸ்காரர்கள் யோசித்தார்கள். புதுமணத் தம்பதியிடம் ‘மூணு நாள், ரெண்டு ராத்திரி, தியாகி தீவு’ என்று எப்படி விற்பது? நோட்டீஸில் புதுப் பெயரைச் சின்னதாகப் போட்டு, பக்கத்தில் ‘நீல்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டார்கள். காலைச் சாப்பாடு சேர்த்து.